முதுகு நடித்த படம்

ஜனவரி 9

அன்புள்ள வாண்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை, காதைத் தவிர. போனில் நீ பேசுவது பக்கத்து வீட்டுக் குக்கர் மாதிரிக் கேட்கிறது. நீ ஒன்று சொல்ல, நான் வேறொன்றுக்குப் பதில் சொல்ல, போன மாதம் நடந்த கூத்து போதும். இனிமேல் கடிதம்தான். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து ஊரார் மூக்குக் கண்ணாடிக்குத் திருகாணி போட்டால் வலிக்காமல் என்ன செய்யும்? மாப்பிள்ளையைப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வரச் சொல். கடை அவருக்கும் சேர்த்துத்தானே.

சேதி என்னவென்றால், என்னைப் பற்றி ஒரு புத்தகம் வரப்போகிறது. காலேஜில் பாடம் எடுக்கிற பெண் ஒருத்தி எழுதுகிறாள். செவ்வாயும் வெள்ளியும் வந்து ரெக்கார்டரை மேஜையில் வைத்துவிடுவாள். என்னுடைய எண்பத்து மூன்று தமிழ்ப் படங்களையும் பார்த்திருக்கிறாளாம். எனக்கே அந்தப் பொறுமை கிடையாது. ஆனால் அவள் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் நான் முழிக்கிறேன். நம் வீட்டில்தான் எந்தப் படத்துக்கும் பெயர் கிடையாதே! சுளுக்குப் படம், மழைப் படம், வக்கீல் படம், இரட்டைப் படம். பாவம், ஒரு நோட்டில் எதிரெதிராக எழுதி அகராதியே போட்டுவிட்டாள்.

அதில் இரட்டைப் படத்தைத் தூசி தட்டிக் கீறல் எடுத்துப் புதுப் பிரதி போடுகிறார்கள். செப்டம்பரில் பெரிய தியேட்டரில் திரையிட்டு, என்னை மேடையேற்றிப் பேசவும் சொல்வார்களாம்.

உனக்குத்தான் ஞாபகசக்தி ஜாஸ்தி. எட்டு வருஷம் என் கூடவே செட்டில் இருந்தவள் நீ. தோன்றுவதை எல்லாம் எழுதி அனுப்பு. இரட்டைப் படத்தைப் பற்றியும் ஏதாவது இருந்தால் எழுது.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா

ஜனவரி 24

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். அறுபத்து மூன்று வயதில் என்னை வாண்டு என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அந்த ஆள் ஒழுங்காகக் காது டாக்டரிடம் போகவேண்டும். மிஷின் வைத்தால் வயசு தெரிந்துவிடும் என்று பயப்படாதே, ஏற்கெனவே தெரிகிறது.

சுளுக்குப் படம்: படிக்கட்டு டான்ஸ். மூன்றாம் படியில் கால் பிசகியது. மீதிப் பாட்டை இடுப்புக்கு மேல்தான் எடுத்தார்கள். ‘கண்ணாலேயே ஆடிவிட்டார்’ என்று பத்திரிகையில் எழுதினான். வலி தாங்காமல் நீ கண்ணை உருட்டியதை நானல்லவா பார்த்தேன்!

மழைப் படம்: மூன்று நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. நாலாம் நாள் நிஜ மழையே வந்தது. எல்லோரும் விழுந்தடித்து ஓடி ஒதுங்கினோம். நீ மட்டும் நடுத்தெருவில் நின்று வசனத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாய். கேமராமேன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்பி ஓடிவந்தார். அந்தச் சீன்தான் போஸ்டரில் வந்தது.

வக்கீல் படம்: எட்டுப் பக்க வசனம், ஒரே டேக். நம் சமையலறையில் நீ பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒத்திகை பார்த்தாய். நான்தான் நீதிபதி, கரண்டியால் மேடையைத் தட்டினேன். செட்டில் நீதிபதியாக நடித்த பெரியவர் உன் பேச்சைக் கேட்டு மறந்துபோய் எழுந்து நின்றுவிட்டார். அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

கிளிசரின் இல்லாமல் அழுவதையும் மறக்காமல் சொல். “ஒரு கண்ணுல போதுமா சார், ரெண்டுலயுமா?” என்று கேட்டுவிட்டு அழுகிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

இரட்டைப் படம் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அதில் அம்மாவும் நீ, மகளும் நீ. நான் வெறும் முதுகு. முதுகுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

இவர் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

தங்கை

பிப்ரவரி 10

அன்புள்ள வாண்டுக்கு,

நலம். மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். புத்தகக்காரப் பெண் சிரித்துச் சிரித்து ரெக்கார்டரைத் தட்டிவிட்டாள்.

ஆனால் ஒரு சங்கடம். அவள் அந்த முதுகுக்கே ஒரு முழு அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறாள்.

உனக்கு அந்தச் சீன் மறந்திருக்காது. மகள் சண்டை போட்டுவிட்டு வீட்டை விட்டுப் போகிறாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள். நான் மகளாக முகம் காட்ட வேண்டும் என்றால் அம்மாவாக யாராவது முதுகு காட்டவேண்டும். என் உயரம், என் தோள். உனக்கு நரை விக்கை வைத்துவிட்டால் அப்பாவுக்கே வித்தியாசம் தெரியாது. நான் வசனம் பேசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனேன். அங்கே டைரக்டர் கட் சொல்லவேண்டும். அவர் சொல்லவில்லை. உன் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஒரு முழு நிமிஷம் கேமரா அதையே பார்த்துக்கொண்டு நின்றது. தியேட்டரில் மூக்கை உறிஞ்சாத ஆள் கிடையாது. எனக்கு அந்த வருஷம் விருது வந்தது.

“அந்த முதுகு அழுதப்போ நீங்க மனசுல என்ன நினைச்சீங்கம்மா?” என்று அந்தப் பெண் கேட்டாள். நான் அப்போது படுக்கையில் கிடந்த அப்பாவை நினைத்தேன் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகப் பேசிவிட்டது. அது நீதான் என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் டூப்பின் பெயரை டைட்டிலில் போடுவது ஏது?

நீ உண்மையில் என்ன நினைத்தாய்? இத்தனை வருஷத்தில் நான் உன்னைக் கேட்டதே இல்லை.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கழுத்துக்கு வெந்நீர்ப் பை வைத்ததில் கொஞ்சம் தேவலை. கடையில் புது லென்ஸ் மிஷின் வந்திருக்கிறது. அது போடுகிற சத்தத்தில் எனக்கும் உன் காது வந்துவிடும் போலிருக்கிறது. நேற்று ஒரு கிழவர் வந்து எல்லா ஃப்ரேமையும் மாட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தன்னுடைய பழைய ஃப்ரேமையே எடுத்து, “இது நல்லாருக்கும்மா, என்ன விலை?” என்று கேட்டார். இவர் சிரிக்காமல் அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

அப்பாவை நினைத்தேன் என்று நீ சொன்னது நல்ல பதில். அதையே வைத்துக்கொள்.

அந்த மேக்கப்மேன் அண்ணன் இருக்கிறாரா, போய்விட்டாரா? திடீரென்று ஞாபகம் வந்தது. டாக்டரிடம் போனாயா?

தங்கை

மார்ச் 15

வாண்டு,

மேக்கப்மேன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. நீ கேட்டதும் எனக்குப் பகீரென்றது. டாக்டரிடம் போகவில்லை. அதைவிடப் பெரிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது, இந்தக் கடிதம். நாலு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

அந்த முதுகுச் சீன் எடுத்த மறுநாள் நான் அம்மாவாக ஒரு அழுகை குளோசப் எடுப்பதாக இருந்தது. ஒரு வாரமாக அதற்காகவே தயார் செய்துகொண்டிருந்தேன். எடுத்ததை ரஷ் போட்டுப் பார்த்துவிட்டு டைரக்டர், “குளோசப் வேணாம்மா. இந்த முதுகுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உன் தங்கச்சி முதுகே இப்படிப் பேசுதுன்னா முகம் என்ன பேசும்? அடுத்த படத்துக்கு அவதான் கதாநாயகி. கேட்டுச் சொல்லு” என்றார்.

நான் உன்னைக் கேட்கவில்லை. அவர் முடிப்பதற்குள், “அவளுக்கு இதுல விருப்பமில்ல சார்” என்று சொல்லிவிட்டேன்.

பொறாமை. இதற்கு நல்லதாக வேறு வார்த்தை கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. எண்பத்து மூன்று படத்தில் என்னுடைய மிகச் சிறந்த சீன் நான் கதவுக்கு வெளியே நின்ற சீன். அதை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வருஷம் உனக்குக் கல்யாணம் ஆகி நீ தூரமாகப் போனபோது நான் அழுதேன். அதில் நிம்மதியும் கொஞ்சம் கலந்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அக்கா

மே 2

அன்புள்ள வாண்டுக்கு,

ஒன்றரை மாதம் ஆயிற்று. தபால்காரர் இப்போதெல்லாம் கேட்டைத் திறக்கும்போதே தலையை ஆட்டிவிடுகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மாப்பிள்ளை நலமா? நீ சுகமாக இருக்கிறாய் என்று மட்டும் ஒரு வரி போடு. மற்றதற்குப் பதில் வேண்டாம்.

காதுக்கு மிஷின் வைத்துவிட்டேன். இனி நீ திட்டினால் தெளிவாகக் கேட்கும்.

அக்கா

மே 20

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதத்தைப் பழைய லென்ஸ் டப்பாவில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போகாமலே வேலை பார்த்தேன். கோபமா என்று கேட்டால், ஆமாம், கோபம்தான். நீ செய்ததற்கு இல்லை. அதை நாற்பத்தொரு வருஷமாக நானும் உன் கூடச் சேர்ந்து ஒளித்து வைத்திருந்தேனே, அதற்கு.

எனக்குத் தெரியும் அக்கா. அந்த வாரமே தெரியும். மேக்கப்மேன் அண்ணன் விக்கைச் சீவிக்கொண்டே, “உன்னைக் கேட்டாங்களாமே, நீ மாட்டேன்னுட்டியாமே? பைத்தியமா உனக்கு?” என்றார். நானும் “ஆமாண்ணே, பைத்தியம்தான்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒரு வாரம், ஒரு மாதம். கல்யாணம் முடிந்து கார் ஏறும்போதுகூட ஜன்னல் வழியாகக் குனிந்தாயே, இப்போது சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். “வேளாவேளைக்குச் சாப்பிடு” என்றாய்.

நானாக ஏன் கேட்கவில்லை? உன் சம்பாத்தியத்தில்தான் அப்பா, நான், வீடு எல்லாம் நடந்தது. கேட்டால் நீ ஒரு பொய் சொல்வாய். நீ வெளியில் எவ்வளவு நன்றாக நடித்தாலும் வீட்டில் பொய் சொல்லத் தெரியாது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஆசை இருந்ததா என்று நீ கேட்கவே இல்லை. இருந்தது. இரண்டு வருஷம் இருந்தது. அப்புறம் இந்தக் கடை, கண் பரிசோதனைப் படிப்பு, இவருடைய அசட்டு ஜோக்குகள். ஒருநாள் தேடிப் பார்த்தேன், ஆசையைக் காணோம்.

இனி நீ கேட்டதற்குப் பதில். உட்கார்ந்து படி. நான் அன்றைக்கு அழவில்லை. சிரித்தேன்.

நம் தயாரிப்பாளருக்குச் சர்க்கரை வியாதி. அவர் மனைவி செட்டிலேயே காவல் உட்கார்ந்திருப்பார், ஞாபகம் இருக்கிறதா? மனுஷன் ஜன்னலுக்குப் பின்னால் தொங்கிய வானத் திரைக்கும் செட் சுவருக்கும் நடுவில், கேமராவில் படாத ஓரத்தில் ஒளிந்து க்ரீம் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். முழு பிஸ்கட்டையும் வாயில் போட்ட நேரத்தில் டைரக்டர் “ஆக்‌ஷன்” என்றார். அந்தப் படத்துக்கு வசனம் அங்கேயே பதிவு. மென்றால் சத்தம் கேட்கும். கன்னம் இரண்டும் உப்பி, மீசையில் க்ரீமோடு, அசையாமல் என்னையே பார்த்தார். விரலை உதட்டில் வைத்துக் கெஞ்சினார். நீ கதவைச் சாத்திக்கொண்டு போகும்வரை அடக்கிவிட்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

கட் சொன்னதும் டைரக்டர் கண் கலங்க வந்து என் தலையில் கை வைத்தார். அவரிடம் போய் பிஸ்கட் என்று எப்படிச் சொல்வது?

நீ நாற்பத்தொரு வருஷம் பொறாமைப்பட்டது ஒரு கெக்கெக்கேயைப் பார்த்து.

தங்கை

ஜூன் 8

அன்புள்ள வாண்டுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கார் ஜன்னல் வரியில் மட்டும் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். அன்றைக்கு எனக்கும் அது நுனிநாக்கு வரை வந்தது. சொல்லியிருந்தால் நீ காரை விட்டு இறங்கிவிடுவாயோ என்று பயந்தேன்.

ஆனால் பிஸ்கட் கதையை நான் நம்பவில்லை. என்னைத் தேற்ற நீ கட்டிய கதை. சின்ன வயதிலிருந்தே, நான் உடைத்த சாமானை எல்லாம் ‘அதுவே விழுந்தது’ என்று சொன்னவள்தானே நீ? சிரிப்பைப் பார்த்து ஊரே அழுமா? நான் இந்தத் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவள்.

மேடையில் உண்மையைச் சொல்லப்போகிறேன். கழுத்தைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூலை 1

அக்காவுக்கு,

நலம். நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் போ. செப்டம்பரில் பெரிய திரையில் நீயே பார். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை நேரத்தில் சிரிப்பு வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

மேடையில் முதுகு என்னுடையது என்று சொல்வது உன் இஷ்டம். சிரிப்பை மட்டும் சொல்லாதே. அழுதவர்கள் பாவம், கண்ணீரைத் திருப்பிக் கேட்பார்கள். டைரக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார், தயாரிப்பாளரும் போய்விட்டார். ஆனால் அவர் மனைவி தொண்ணூற்றிரண்டு வயதில் திடமாக இருக்கிறாராம். இப்போது தெரிந்தாலும் விடமாட்டார்.

தங்கை

செப்டம்பர் 14

என் வாண்டுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இவ்வளவு நன்றாக இருந்து எவ்வளவு நாளாயிற்று! நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும்.

நேற்று விழா. தியேட்டரில் உட்கார இடமில்லாமல் படியில் எல்லாம் ஆட்கள். அந்தச் சீன் வந்தது. பழைய பிரதியில் தோளுக்குக் கீழே ஒரே இருட்டாக இருக்கும். இப்போது கழுவித் துடைத்ததில் புடவை மடிப்பு வரை தெரிகிறது. உன் இடது கையும் தெரிகிறது. தொடையை என்னமாய்க் கிள்ளிக்கொண்டிருக்கிறாய்! பிரார்த்தனை வரிசையில் நிற்கிற அதே ஒன்பது வயதுப் பிசாசு. தியேட்டர் முழுக்க விசும்பல். நான் ஒருத்தி மட்டும் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். புத்தகக்காரப் பெண் என் முதுகைத் தடவி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

மேடையில் எழுதி வைத்ததைப் பேசவில்லை. “அந்த முதுகு என்னோடது இல்ல, என் தங்கச்சியோடது. அதுக்கப்புறம் அவளை நடிக்கக் கேட்டாங்க. அவளுக்கே தெரியாம நான் வேணாம்னு சொன்னேன். பொறாமையில சொன்னேன். இத்தனை வருஷம் எனக்கு வந்த கைதட்டல்ல ஒரு பங்கு அவளுது. இன்னிக்காவது அவளுக்குத் தட்டுங்க” என்றேன். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். காதில் மிஷின் இருந்ததால் முழுதாகக் கேட்டேன். உனக்கு அவ்வளவு சத்தம், வாண்டு.

புத்தகக்காரப் பெண் முதலில் உம்மென்று இருந்தாள். அத்தியாயத்தைத் திருப்பி எழுதவேண்டுமே. இன்று காலையில் வந்து, உனக்குக் கடிதம் போடலாமா என்று கேட்டாள்.

இன்னொருத்தியும் வந்தாள், படம் எடுக்கிற பெண். அடுத்த படத்தில் ஒரு தபால் ஆபீஸ்காரி பாத்திரம் இருக்கிறதாம், அறுபது வயது. “உங்க தங்கச்சி நடிப்பாங்களாம்மா?” என்று கேட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன். உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா

அக்டோபர் 11

அக்காவுக்கு,

சௌக்கியம். இவரும் சௌக்கியம். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் கடைக்கு வந்து, “கொஞ்சம் திரும்பி நில்லுங்களேன்” என்று கேட்கிறார்கள். இவர் வாசலில் வரிசை பிடித்துவிடுகிறார், வெட்கமில்லாத மனுஷன். உன் கடிதத்தில் கைதட்டல் வருகிற இடத்தை அவரிடம் படித்துக் காட்டப் பார்த்தேன். முடியவில்லை. அவரே வாங்கிப் படித்தார்.

படம் எடுக்கிற பெண் எழுதியிருந்தாள். ஒன்பது சீன், வசனம் உண்டு, முகமும் உண்டு. மூன்று நாள் யோசித்தேன். கண்ணாடிக் கடையில் திரும்பின பக்கமெல்லாம் கண்ணாடிதானே. ஆள் இல்லாத நேரத்தில் அந்த வசனத்தை எட்டுக் கண்ணாடியிலும் பேசிப் பார்த்தேன். மோசமில்லை அக்கா. சும்மா சொல்லவில்லை, நன்றாகவே இருந்தது. இவரும் “போயேன், பத்து நாள் நான் சமாளிக்கறேன்” என்றார்.

நாலாம் நாள் காலை ஒரு அம்மா வந்தார். முதல்முறையாகக் கண்ணாடி போடுகிறவர். மாட்டிவிட்டதும் எதிர்ச் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்து, “அங்க எழுத்தெல்லாம் இருக்கா!” என்றார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் தினமும் கடையைத் திறக்கிறேன். அப்போதே தெரிந்துவிட்டது.

மத்தியானம் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன். எனக்கு நடிப்பதில் விருப்பமில்லை என்று. தபால் பெட்டியில் போட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பாமல், காரணமே இல்லாமல் அந்தத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

அடுத்த மாதம் பத்து நாள் அங்கே வந்து இருக்கப்போகிறேன். எனக்கு அறை ஒழித்து வை.

நீ அன்றைக்கு என் சார்பில் சொன்ன அதே வார்த்தைதான் அக்கா. என் கையால் எழுதும்போது அது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா!

உன்
வாண்டு